மழைக்கு முன் டயர்: தேய்மானம் பார்ப்பதிலிருந்து பில் வாங்குவது வரை

2025 நவம்பரில் திருச்சியிலிருந்து சென்னைக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். நான், மனைவி, பின்சீட்டில் ஏழு வயது மகள். வேப்பூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வேகம் எண்பதுதான். ரோட்டோரம் தேங்கியிருந்த தண்ணீரில் முன்சக்கரம் ஏறியதும் ஸ்டியரிங் கையில் கனமே இல்லாமல் ஆகிவிட்டது. திருப்பினால் திரும்பவில்லை. நடுவில் இருக்கும் அரளிச் செடிகளைப் பார்த்து வண்டி தானாகச் சாய்ந்து போனது. இரண்டு வினாடி இருக்கும். எண்பதில் போகும் கார் இரண்டு வினாடியில் 44 மீட்டர் கடந்துவிடும். அந்த 44 மீட்டரும் வண்டி என் கையில் இல்லை. பிறகு ஒரு உலுக்கு உலுக்கி, டயர் மறுபடி ரோட்டைப் பிடித்தது.

உளுந்தூர்ப்பேட்டை வந்ததும் முதலில் கண்ணில் பட்ட பஞ்சர் கடையில் நிறுத்தினேன். கடைத் தம்பி ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடிக்கச் சொல்லி, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். "சார், வெளியே பாத்தா பட்டன் இருக்கு. உள்ளே கையை வெச்சுப் பாருங்க" என்றார். பட்டன் என்றால் டயரின் மேல் பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் ரப்பர்க் கட்டிகள். வைத்தேன். உள்விளிம்பில் விரல்கடை அகலத்துக்கு ரப்பரே இல்லை. வழவழப்பு முடிந்த இடத்தில் ஏதோ சுருக்கென்று குத்தியது. டயருக்குள் இருக்கும் இரும்புக் கம்பி.

அந்தக் கார் எட்டு மாதத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. "டயர் அறுபது பர்சென்ட் இருக்கு" என்று சொல்லித்தான் விற்றார்கள். நானும் நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். அதற்குப் பிறகு நல்ல டயர் நான்கு வாங்கி மாட்டி முடிக்க மூன்று வாரம் அலைந்தேன். ஒரு கடையில் பழைய சரக்கு, இன்னொரு கடையில் பில் கிடையாது, எங்கே போனாலும் ஆளுக்கொரு யோசனை. முதல்முறை கார் வைத்திருப்பவர்களும் பழைய கார் வாங்கியிருப்பவர்களும் அப்படி அலைய வேண்டியதில்லை. கீழே உள்ள வரிசையில் போங்கள்.

1. நின்று பார்க்காதீர்கள், உட்கார்ந்து தடவிப் பாருங்கள்

சமதளத்தில் வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுக்கத் திருப்பி முன்டயர் இரண்டையும் பாருங்கள். பிறகு இடது பக்கம் முழுக்கத் திருப்பி மறுபடியும் பாருங்கள். அப்போதுதான் உள்விளிம்பு தெரியும். பின்டயருக்கு இந்த வசதி இல்லை. குனிந்து, போன் டார்ச்சை அடித்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பஞ்சர் கடையில் ஜாக்கி போட்டுக் காட்டச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை.

கையை வைக்கும் முன் கண்ணால் பார்த்துவிடுங்கள். என்னைப் போல் கம்பியில் குத்திக்கொள்ள வேண்டாம். பட்டன் எவ்வளவு இருக்கிறது என்பதோடு வேறு மூன்றையும் பார்க்க வேண்டும். ஒன்று, பக்கவாட்டில் புடைப்பு. பள்ளத்தில் அடிபட்டு உள்ளே நூல் அறுந்தால் அந்த இடம் எலுமிச்சம்பழம் போல் வீங்கி நிற்கும். இரண்டு, வெடிப்பு. வெயிலில் காய்ந்த ரப்பரில் மெல்லிய கோடுகள் ஓடியிருக்கும். மூன்று, வெட்டு. புடைப்பு இருந்தால் பட்டன் புதிதாகவே இருந்தாலும் அந்த டயரில் ஹைவே ஏறாதீர்கள். அது எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஒட்டுப் போட்டுச் சரிசெய்யவும் முடியாது.

2. அளந்து பாருங்கள்

புதிய கார் டயரில் பட்டன் பள்ளம் சுமார் 8 மி.மீ. ஆழம் இருக்கும். மத்திய மோட்டார் வாகன விதிகள் காருக்குக் குறைந்தபட்சம் 1.6 மி.மீ. இருக்க வேண்டும் என்கின்றன. அந்த அளவைக் காட்டவே டயர் கம்பெனிகள் பள்ளத்துக்குள் ஆங்காங்கே குட்டி ரப்பர்த் திட்டு ஒன்றை வைக்கின்றன. பக்கவாட்டில் சின்ன முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. (TWI) என்ற எழுத்தோ தெரியும். அங்கிருந்து நேராக மேலே போனால் திட்டு இருக்கும். பட்டனும் திட்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் அந்த டயரின் கதை முடிந்தது.

1.6 வரும்வரை காத்திருக்காதீர்கள் என்பதுதான் நான் அடித்துச் சொல்ல விரும்புவது. டயர் ரோட்டைத் தொடுகிற இடம் சக்கரத்துக்கு ஓர் உள்ளங்கை அளவுதான். மழையில் அந்த உள்ளங்கைக்கு அடியில் இருக்கும் தண்ணீரைப் பள்ளங்கள் வழியாகப் பின்னாலும் பக்கத்திலும் தள்ளினால்தான் ரப்பர் தாரைத் தொட முடியும். 8 மி.மீ. பள்ளம் 1.6 ஆகும்போது தண்ணீர் போகும் வழி ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. வேகம் கூடினால் தண்ணீருக்கு விலக நேரமில்லை. டயர் அதன் மேல் ஏறிப் படகு போல் மிதக்கும். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் இருந்தும் இல்லாதது மாதிரிதான். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். ரப்பர் ரோட்டைத் தொட்டால்தான் ஏ.பி.எஸ். வேலை செய்யும்.

காய்ந்த ரோட்டில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. மொட்டை டயரிலும் வண்டி ஒழுங்காகத்தான் நிற்கும். மார்ச் முதல் செப்டம்பர் வரை ஒரு குறையும் தெரியாமல் ஓடிய வண்டி, அக்டோபரில் முதல் பெருமழையில் கைவிடுவது இதனால்தான். எனவே 3 மி.மீ. வந்ததுமே மாற்றிவிடுங்கள்.

அளக்க, டயர் ஆழம் பார்க்கும் சின்ன கேஜ் ஆன்லைனில் 150 முதல் 300 ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஒவ்வொரு டயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடத்தில் அளந்து, தேதியோடு போனில் எழுதி வையுங்கள். மூன்றில் எது குறைவோ அதுதான் கணக்கு.

3. தேய்ந்த விதம் காரணத்தைச் சொல்லும்

காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே மாதிரிதான் தேயும்.

நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு விளிம்பும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவு. ஒரு பக்க விளிம்பு மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கோளாறு. என் வண்டியில் அதுதான். மேடு பள்ளமாக, தடவினால் அலை அலையாக இருந்தால் ஷாக் அப்சார்பரையோ பேலன்சிங்கையோ (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்பதை) பார்க்க வேண்டும். டயர் கடைக்குப் போவதற்கு முன் மெக்கானிக்கிடம் கீழ்பாகங்களைக் காட்டிவிடுங்கள். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் புஷ், பால் ஜாயின்ட் ஆடினால் எத்தனை முறை அலைன்மென்ட் செய்தாலும் நிற்காது. இந்த வரிசை தெரியாமல் நான் இரண்டு தடவை அலைன்மென்ட்டுக்குப் பணம் கொடுத்தேன்.

4. பக்கவாட்டில் இருக்கும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

என் டயரில் 185/65 ஆர்15 88எச் என்று இருக்கிறது. 185 என்பது அகலம், மி.மீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கவாட்டு உயரம் என்பது. 15 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரைக்குமான தரம்.

கடையில் "இதே சைஸ்தான்" என்று சொல்லி 88க்குப் பதில் குறைந்த எண்ணோடு கொடுத்தால் வாங்காதீர்கள். கம்பெனி கொடுத்த எண்ணுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் காரில் முந்தைய ஓனர் வேறு அளவு மாட்டியிருக்கவும் கூடும். அதனால் டயரைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாமல், டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் பாருங்கள். சரியான அளவும் காற்றும் அதில் இருக்கும்.

5. டயரின் பிறந்த தேதி

பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் நீளமான குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் தயாரித்த தேதி. 1822 என்றால் 2022ஆம் வருடம் 18ஆவது வாரம்.

நான் முதலில் போன கடையில் நல்ல தள்ளுபடி என்று எடுத்து வைத்த டயரில் இருந்த எண் இதுதான். மூன்றரை வருடம் குடோனில் கிடந்த சரக்கு. ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் கெட்டிப்படும். ஆறு மாதத்துக்குள் தயாரித்ததைக் கேளுங்கள். ஒரு வருடம் தாண்டியது என்றால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். இன்னொன்று: பல டயர்களில் இந்த நான்கு இலக்கம் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மாட்டிவிட்டால் பிறகு பார்க்கவே முடியாது. ரிம்மில் ஏற்றுவதற்கு முன் நான்கு டயரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதில் தெரியட்டும். இந்தியாவில் விற்கும் கார் டயருக்கு அது கட்டாயம்.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் டயருக்கும் இதே கணக்குதான். ஐந்து வருடம் தாண்டினால் வருடம் ஒருமுறை கடையில் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. வீட்டில் அதிகம் நிற்கும் கார்களில் பட்டன் பளிச்சென்று இருக்கும், வயசுதான் காட்டிக்கொடுக்கும்.

6. இரண்டா, நான்கா? முன்னாலா, பின்னாலா?

நான்கும் 3 மி.மீட்டருக்கு அருகில் இருந்தால் நான்கையும் மாற்றிவிடுவது நல்லது. கையில் பணம் இல்லையென்றால் இரண்டு மாற்றலாம். ஒன்று மட்டும் மாற்றாதீர்கள். ஒரே அச்சில் இருக்கும் இரண்டு டயரும் ஒரே பிராண்ட், ஒரே பட்டன் வடிவமாக இருக்க வேண்டும்.

இரண்டு மட்டும் வாங்கினால் நம் ஊர்க் கடைகளில் கேட்காமலே முன்னால் மாட்டிவிடுவார்கள். "இன்ஜின் முன்னாடி, ஸ்டியரிங் முன்னாடி, அதனால புதுசு முன்னாடி" என்பது அவர்கள் சொல்லும் காரணம். டயர் கம்பெனிகள் சொல்வது நேர்மாறாக இருக்கிறது: புதியது பின்னால் போக வேண்டும். மழையில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடி திரும்பிவிடும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியின் பின்பக்கம் சுழன்று முன்னால் வரும். அதைச் சமாளிக்கப் பயிற்சி வேண்டும், நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அது கிடையாது. ஆகவே பழைய பின்டயர் நன்றாக இருந்தால் அதை முன்னால் போட்டு, புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் ஆச்சரியமாகப் பார்ப்பார். பரவாயில்லை, பக்கத்தில் நின்று செய்ய வையுங்கள்.

7. செலவு

நான் கட்டிய பில்லை அப்படியே தருகிறேன். டயர் ஒன்று 5,600 வீதம் நான்குக்கு 22,400. டியூப்லெஸ் வால்வு நான்கு, 320. பேலன்சிங் எடைக்கட்டிகளோடு 600. அலைன்மென்ட் 500. மொத்தம் 23,820 ரூபாய், வரி உட்பட. ஊர், கடை, பிராண்டைப் பொறுத்து இது மாறும். 14 அங்குலச் சின்ன கார் என்றால் கணிசமாகக் குறையும். எஸ்.யூ.வி. என்றால் இதைப் போல் இரண்டு மடங்குகூட ஆகலாம்.

டயருக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய விலைப்பட்டியலை நீட்டினால் அதைக் கேளுங்கள். குறைந்தது மூன்று கடையிலாவது போனில் விலை விசாரியுங்கள். கேட்கும்போதே "வால்வு, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேளுங்கள். டயர் விலையை மட்டும் குறைத்துச் சொல்லி மற்றதில் ஏற்றும் கடைகள் உண்டு. புது டயருக்குப் பழைய வால்வையே விட்டுவிடுவதும் நடக்கிறது. வால்வும் ரப்பர்தான், அதற்கும் வயதாகும்.

செகண்ட் ஹேண்ட் டயர் பக்கம் போகவே போகாதீர்கள். சென்னை புதுப்பேட்டையிலிருந்து ஊருக்கு ஊர் பழைய டயர் விற்கும் கடைகள் இருக்கின்றன. மொட்டையான டயரில் சூடான கத்தியால் பள்ளத்தை மறுபடி வெட்டி, கறுப்புப் பாலிஷ் போட்டு வைத்திருந்தால் புதிது போலவே தெரியும். பள்ளம் ஆழமாகத் தெரியும், ஆனால் அந்தப் பள்ளத்துக்கும் கம்பிக்கும் நடுவில் ரப்பரே இருக்காது. கார் டயரை அப்படி வெட்டவே கூடாது. இதனால்தான் என் பழைய டயர் நான்கையும் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்காமல், என் கண் முன்னால் பக்கவாட்டைக் கிழித்துப் போடச் சொன்னேன். கிடைத்திருக்கக்கூடிய சில நூறு ரூபாய் போகட்டும். அந்த டயரில் இன்னொரு குடும்பம் ஏறக்கூடாது.

8. எப்போது, எவ்வளவு நேரம்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பர் முதல் இரண்டு வாரத்தில் அளந்து, மூன்றாவது வாரத்தில் வாங்கிவிடுங்கள். ஆயுத பூஜை, தீபாவளியை ஒட்டிய நாட்களில் கடைகளில் நிற்க இடமிருக்காது, அவசர அவசரமாக மாட்டி அனுப்புவார்கள். புதுத் தேதி டயர் கேட்டால் கடைக்காரர் டீலரிடமிருந்து வரவழைக்க இரண்டு மூன்று நாள் ஆகும். அதைக் காத்திருந்து வாங்குங்கள். மாட்டுகிற அன்று காலையில் கடை திறந்ததும் போனால் நான்கு டயர், பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரத்தில் முடியும்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். சில டயர்களில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், சிலவற்றில் வெளிப்பக்கம் எது என்று எழுதியிருக்கும். அதன்படிதான் மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். திருப்பி மாட்டினால் தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய பள்ளம் சரியாகத் தள்ளாது.

9. பில், வாரண்டி, இன்சூரன்ஸ்

"பில் இல்லாம வாங்கினா ஒரு டயருக்கு முந்நூறு ரூபா குறைச்சுக்கலாம்" என்று ஒரு கடையில் சொன்னார்கள். ஆசை காட்டும் பேச்சு, விழாதீர்கள். டயர் வாரண்டி கார் கம்பெனி கொடுப்பதில்லை, டயர் கம்பெனி கொடுப்பது. பில் இல்லாமல் அவர்கள் வாசலில்கூட நிற்க முடியாது.

ஜி.எஸ்.டி. பில்லில் இவ்வளவும் இருக்க வேண்டும்: உங்கள் பெயர், வண்டி எண், டயர் பிராண்ட், முழு அளவு, ஒவ்வொரு டயரின் சீரியல் எண், வாங்கிய தேதி, அன்றைய கிலோமீட்டர். வாரண்டி கார்டு இருந்தால் கடை முத்திரையோடு வாங்குங்கள். ஆன்லைனில் பதிவு செய்யும் முறை என்றால் கடையில் நிற்கும்போதே செய்துவிடுங்கள். அலைன்மென்ட் செய்ததற்கு மெஷின் பிரிண்ட் தரும், முன்பு எவ்வளவு, பிறகு எவ்வளவு என்று. அதையும் கேட்டு வாங்கிப் பில்லோடு பின் பண்ணி வையுங்கள். நாளைக்கு டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்து கிளெய்ம் போனால் அதுதான் சாட்சி. தயாரிப்புக் குறை என்று கம்பெனி ஒப்புக்கொண்டாலும் முழு விலையும் வராது. மீதி இருக்கும் பட்டன் ஆழத்தைக் கணக்கிட்டு அதற்கேற்பக் கழித்துத்தான் தருவார்கள்.

இன்சூரன்ஸில் பலருக்குத் தெரியாத ஒன்று. சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் டயர் மட்டும் சேதமானால் எதுவும் கிடைக்காது. விபத்தில் காரும் சேர்ந்து அடிபட்டால், டயரின் மாற்று விலையில் பாதி வரை. டயருக்கென்று பாலிசியோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் தனி ஆட்-ஆன் இருக்கிறது, அதிலும் பட்டன் ஆழத்துக்கு நிபந்தனை வைப்பார்கள், கையெழுத்துக்கு முன் படியுங்கள். வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு என்பதும் பாலிசி நிபந்தனையில் இருக்கிறது. கம்பி தெரியும் டயரோடு விபத்தில் சிக்கினால், சேதத்தைப் பார்க்க வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் போட்டோ எடுப்பது அந்த டயரைத்தான்.

10. காற்று

மாதம் இரண்டு முறை, வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். பங்க் வீட்டிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருந்தால் ஓட்டிப் போய்ப் பார்க்கலாம். எவ்வளவு என்பது கதவுத் தூண் ஸ்டிக்கரில் இருக்கிறது, ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கும்.

வெயில் காலத்தில் டயர் வெடித்துவிடும் என்று பயந்து காற்றைக் குறைத்து ஓட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். காற்று குறைந்தால் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். அதில்தான் உள்ளே சூடு ஏறுகிறது, அந்தச் சூட்டில்தான் வெடிக்கிறது. தேய்ந்த டயர் என்றால் மேலே தாங்க ரப்பரும் இல்லை. நைட்ரஜன் கிடைத்தால் நிரப்பலாம், கிடைக்காவிட்டால் சாதாரணக் காற்றே போதும். அதில் 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

11. மாற்றுவதற்குள் ஓட்டியே ஆக வேண்டும் என்றால்

கம்பி தெரிந்தாலோ புடைப்பு இருந்தாலோ ஓட்டாதீர்கள், ஸ்டெப்னியை மாட்டிக் கடை வரை போங்கள். பட்டன் குறைவு என்ற அளவில் மட்டும் இருந்தால் மழை விட்ட பிறகு, அறுபதுக்குள், முன்வண்டிக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி விட்டுப் போங்கள். தண்ணீரில் வண்டி மிதப்பது போல் இருந்தால் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, நேராகப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். டயர் வெடித்தாலும் இதேதான். பிறகு மெல்ல ஓரம் கட்டி, ஹசார்ட் லைட் போட்டு, எல்லோரையும் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033.

12. மாட்டிய பிறகு

புது டயரின் மேல் வழவழப்பு இருக்கும். முதல் 200 கிலோமீட்டர் மிதமாக ஓட்டுங்கள், திடீர் பிரேக் வேண்டாம். நூறு கிலோமீட்டர் ஓடியதும் கடைக்குப் போய் வீல் நட்டுகளை மறுபடி முறுக்கச் சொல்லுங்கள், காசு கேட்க மாட்டார்கள். எண்பதுக்கு மேல் ஸ்டியரிங் நடுங்கினால் பேலன்சிங் சரியில்லை, அன்றே திருப்பிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் டயர்களை இடம் மாற்றி, அலைன்மென்ட் பார்க்க வேண்டும். நான்கு டயரும் கிட்டத்தட்ட ஒரே அளவில் தேய்ந்திருக்கும்போதுதான் இந்த இடமாற்றம். இரண்டு மட்டும் புதிதாகப் போட்டவர்கள் புதியதைப் பின்னாலேயே விட்டுவிடுங்கள்.

டிக்கிக்குள் கிடக்கும் ஸ்டெப்னியையும் அன்றே எடுத்துப் பாருங்கள். என்னுடையதில் பட்டன் அப்படியே இருந்தது, காற்று பத்து பி.எஸ்.ஐ.தான் இருந்தது.